பத்தாவது மீன்

ஐந்து காடுகள் கூடும் பாறைவெளியில் ஒரு பொதுச் சந்தை இருந்தது. ஏரிக்கரை நீர்நாய்கள் மீன் கொண்டுவரும். மேட்டுக்காட்டுப் பூனைகள் காய்ந்த புல் கொண்டுவரும். சந்தையில் சேர்ந்தவர்களை வாசலில் யாரும் நிறுத்தமாட்டார்கள். பாதையைக் காக்கும் நரிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும், அவ்வளவுதான்.

நீர்நாய்த் தலைவன் வாளைமுத்துவுக்கு அந்தப் பத்தாவது மீன்தான் கண்ணை உறுத்தியது. கனவில்கூட அது வந்து வாலால் அவன் முகத்தில் அடித்தது.

"நம்ம ஏரி! நம்ம மீன்! நரிக்கு எதுக்குப் படியளக்கணும்?" என்று முழங்கினான்.

அவன் மனைவி செங்கெண்டை நிறைமாதக்காரி. "மழை வரப்போகுது, குட்டியும் பிறக்கப்போகுது. வளையில விரிக்கக் காய்ஞ்ச புல்லு வேணும். முதல்ல அதை வாங்கிட்டு அப்புறம் முழங்குங்க!"

"பூனைங்க மீனுக்கு அலையுதுங்க. புல்லைத் தூக்கிட்டு நம்ம வாசலுக்கே வரும், பாரு!"

நீர்நாய்கள் சந்தையிலிருந்து விலகின. மூன்று நாள் கொண்டாட்டம். பத்தாவது மீன் ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பூனைகள்தாம் வரவில்லை, அவற்றுக்குச் சந்தையிலேயே ஆற்றுமீன் கிடைத்துவிட்டது.

நான்காம் நாள் மேகம் கறுத்தது. வாளைமுத்து கூடை நிறைய மீனோடு தானே சந்தைக்கு ஓடினான். வாசலில் கரடி தேனப்பன் மறித்தான்.

"வெளியாளா? ஓரமா நில்லுங்க அண்ணே. ஒவ்வொரு மீனையும் மூணு தடவை மோந்து பார்க்கணும்."

கரடி நிதானமாக மோந்தான். முப்பதாவது மீனில் ஒரு தும்மல். மறுபடி முதலிலிருந்து! புழுக்கம் ஏறியது. கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"நாறுதே அண்ணே! உள்ளே விட முடியாது."

"நீ மோந்து மோந்தே நாறிப்போச்சுடா! எந்த மடையன் போட்டான் இந்தச் சட்டத்தை?"

"நீங்கதான் அண்ணே! போன வருஷம் கொக்குங்க மீன் விக்க வந்தப்போ, ஒத்தக்கால்ல நின்னு நீங்கதானே இதைப் போட வெச்சீங்க? அருமையான சட்டம். அப்புறம் ஒரு கொக்குகூட வரலை!"

மழை பிடித்துக்கொண்டது. வாளைமுத்து வெறுங்கையோடு வளைக்குத் திரும்பினான். உள்ளே சேற்றில் இரண்டு குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"புல்லு எங்கே?" என்றாள் செங்கெண்டை.

"பத்தாவது மீன் மிச்சமாச்சே..." என்று முணுமுணுத்தான்.

"அப்ப அதையே விரிச்சுப் போடுங்க!"

கூட்டமைப்பை விட்டு வெளியேறுமுன், வெளியாருக்கென்று தான் போட்டுவைத்த சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பதே புத்திசாலிக்கு அழகு.