தாளாளர் மேஜையில் சிப்ஸ்

பள்ளிக் கேன்டீனில் சமைக்கும் முப்பிடாதியைத் தாளாளர் கூப்பிட்டார். "ஒரே வாரத்துல பிள்ளைங்க எல்லாம் சுண்டல் திங்கணும். ஆனா சிப்ஸை நிறுத்தக் கூடாது, அது என் மச்சான் சப்ளை. முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோ."

முப்பிடாதி சுண்டலைக் கேன்டீன் வாசலிலேயே வைத்தாள். சிப்ஸ் கூடையைத் தாளாளர் மேஜைக்குக் கொண்டுபோனாள். "உங்க மச்சான் சரக்குய்யா, உங்க கண்ணு முன்னால இருக்கட்டும். வேணுங்கிற பிள்ளைங்க இங்க வந்து வாங்கிக்கிடும்."

அவர் முகத்தைப் பார்த்துச் சிப்ஸ் கேட்க ஒரு பிள்ளைக்கும் துணிச்சல் இல்லை. சுண்டல் தினமும் காலியானது.

வாரக் கடைசியில் தாளாளர் ஆசிரியர்களைக் கூட்டி, "பிள்ளைங்களுக்கு வாயைக் கட்ட நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றார். அந்நேரம் முப்பிடாதி கூடையை எடுக்க வந்தாள். கூடை காலி.

"ஒரு பிள்ளையும் வரலையேய்யா?"

தாளாளர் சட்டையில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளைத் தட்டினார்.

"உங்க மேல தப்பில்லைய்யா" என்றாள் முப்பிடாதி. "கைக்கெட்டுற இடத்துல வச்சது நாந்தானே."