சிரிப்புக்கு வாய்தா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது. கோர்ட்டில் தேதியைத் தள்ளிப்போடுவார்களே, அதுபோல் அதற்கும் வாய்தா போட்டாயிற்று. முதலில் சடையப்பர் கோபப்பட்டு முடிக்கட்டும்.

சடையப்பர் தாயம்மை மடத்துச் சீடர். குருவான தாயம்மையைவிடவே வயதில் மூத்தவர். மலையடிவாரத்து மடத்தில் அன்று காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சாரலைவிட வேகமாக உள்ளே வந்தார்.

"அம்மா, நாளைக்கு டவுன்ல கூட்டம். இனிமே வக்கீலே கூடாதுன்னு சட்டம் கொண்டுவரச் சொல்லி நான் பேசப் போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

"வக்கீல்மார் என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்யல? ஊர்ல எவன்ட்ட வேணும்னாலும் கேளுங்க. அடுத்தவன் வழக்குக்கு வக்காலத்து வாங்குதான். பாக்காததைப் பாத்த மாதிரி பேசுதான். பேச ஒண்ணும் இல்லன்னா வாய்தா கேக்கான். எங்கப்பா..." சடையப்பர் முகத்தில் வழிந்த சாரலைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாவோட நிலத்து வழக்கு. கடைசி நாளு வக்கீல் வரல. ஜட்ஜு கேக்காரு, 'உமக்காக யாரு பேசுதா?' எங்கப்பா கும்பிட்ட கையோட நிக்காரு. பேச்சே வரல. தள்ளுபடி. நிலமும் போச்சு, அந்த வருசமே அவரும் போயிட்டாரு."

தாயம்மை வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்ம சட்டம் என்ன சொல்லும்?"

"அவனவன் வழக்கை அவனவன்தான் பேசணும். அன்னைக்கே தீர்ப்பு. வாய்தாங்கிற பேச்சே கிடையாது. அப்பதான் பொய்க் கேசு போடுதவன் அடங்குவான்."

"நல்லாத்தான் இருக்கு. டவுனுக்கு எதுக்குப் போகணும்? இன்னைக்கே இங்க அமல்படுத்திருவோம். ஐயோ, நனைஞ்சிருக்கீரே. இதைப் போர்த்திக்கிடும்."

தன் கறுப்புக் கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டார். சடையப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. குருவின் கம்பளி லேசில் யாருக்குக் கிடைக்கும்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீடர்கள் ஏனோ ஒரே நேரத்தில் இருமினார்கள். சாரல் காலம், இருமல் வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

அமல்படுத்த வழக்கு வேண்டுமே? அதுவும் வாசலில் காத்திருந்தது.

மடத்துக் களஞ்சியக்காரர் பிச்சாண்டி. ஒரு காலத்தில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். வேஷத்தைக் கலைத்தார், பேச்சைக் கலைக்கவில்லை.

"தாயே! கேளுங்கள் இக்கொடுமையை! குருபூசைக்கென்று அடியேன் பாதுகாத்த வாழைக்குலையை, நேற்றிரவு பசு புகுந்து தின்றுவிட்டது! தொழுவத்தின் கதவு திறந்து கிடந்ததை இவ்விரு கண்களால் கண்டேன்! கதவடைக்க வேண்டியவள் யார்? இதோ, இந்தச் செங்கமலம்! இவள் இனி ஒரு கணமும் இம்மடத்தில் இருக்கலாகாது!"

செங்கமலம் அடுப்படி வேலைக்காரி. மடத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தனியாக இருக்கும்போது பசுவிடம் நன்றாகப் பேசுவாள். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சொல்லும்மா, உன் பக்கத்தை நீயேதான் சொல்லணும். புதுச் சட்டம்" என்றார் தாயம்மை.

"நா... நான் தா... நான் தா..."

"ஆஹா!" பிச்சாண்டி துள்ளினார். "கேட்டீர்களா? 'நான்தான்' என்கிறாள்! குற்றத்தை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்!"

செங்கமலம் தலையை வேகமாக ஆட்டினாள். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. கை இரண்டும் தாமாகக் குவிந்தன.

"அப்ப சரி. ஒப்புக்கிட்டா. பொழுது சாயுமுன்ன கிளம்பட்டும்" என்றார் தாயம்மை.

"இருங்கம்மா!" சடையப்பர் எழுந்தே விட்டார். "அவ 'நான்தான்'னு சொல்லல. 'நான் தாழ்ப்பாள் போட்டேன்'னு சொல்ல வந்தா. பாதியில நின்னுபோச்சு!"

"உமக்கு எப்படித் தெரியும்?"

"தெரி... தெரியாது. ஆனா அப்படியும் இருக்கலாம்லா?"

"அவளே சொல்லட்டுமே."

"அவளுக்குத்தான் வரலியே! முப்பது வருசமா இந்த மடத்துக்கு உழைக்கா..."

"அவ வந்து ரெண்டு வருசம்தான் ஆச்சு."

"ரெண்டுதான். உழைப்பு முப்பது வருச உழைப்பு!"

சீடர்களுக்கு மறுபடியும் இருமல். சடையப்பர் குழம்பினார். குரு ஏன் இப்படிப் பார்க்கிறார்? சிரிக்கிறாரா, கோபமா? ஒன்றும் பிடிபடவில்லை. இப்போதாவது சிரிக்கலாமா என்று கேட்கிறீர்களா? கூடாது. சடையப்பர் இன்னும் பிச்சாண்டியை விசாரிக்கவில்லை.

"ஐயா பிச்சாண்டி! கதவு திறந்து கிடந்ததைப் பாத்தீரா, அவ திறந்துபோட்டதைப் பாத்தீரா?"

"கதவு... கிடந்ததை... கண்டேன்."

"அவளைப் பாத்தீரா?"

"அவளை... அது வந்து..." ராஜா சிங்காசனத்திலிருந்து சறுக்கினார். "வே, என்ன வே போட்டு இந்தக் குடை குடையுதீரு? ராத்திரி நான் நல்லாத் தூங்கிட்டேன் வே!"

"கேட்டீங்களாம்மா? அவரே தூங்கிட்டாராம்! அந்தப் பசு மூக்காலயே தாழ்ப்பாளத் தள்ளியிருக்கும்!"

"பசு தள்ளினதை நீரு பாத்தீரா?"

"பாக்கல."

"பிறகு எதுக்கு இவ்வளவு சத்தம்? அவ செஞ்சும் இருக்கலாம்லா?"

சடையப்பர் திரும்பிச் செங்கமலத்தைப் பார்த்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. அந்தக் கையை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"செஞ்சும் இருக்கலாம்" என்றார் மெதுவாக. "ஆனா அவ பக்கத்தைச் சொல்லவும் ஒரு ஆளு வேணும்மா. ஒரு நாள் பொறுங்க. நான் தொழுவத்துக்குப் போயி, கதவை, பசுவையெல்லாம் பாத்து விசாரிச்சிட்டு நாளைக்கு வந்து சொல்லுதேன்."

"ஒரு நாளா? இதுக்குக் கோர்ட்டுல ஒரு பேரு சொல்லுவாங்களே. வாயில நிக்குது, வர மாட்டேங்குது..."

"வாய்தாம்மா! எனக்கு ஒரே ஒரு வாய்தா குடுங்க!"

முதலில் சிரித்தது செங்கமலம். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் கேட்டுவிட்டது. அப்புறம் சீடர்களின் இருமலெல்லாம் ஒன்றாக உடைந்தது. ஒருவர் தூணைக் கட்டிக்கொண்டார். பிச்சாண்டிகூட வழக்கை மறந்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கீங்க? நான் என்னம்மா தப்பாச் சொல்லிட்டேன்?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கம்பளி உமக்கு எடுப்பா இருக்கு. அதான்."

சடையப்பர் குனிந்து பார்த்தார். தோளிலிருந்து முழங்கால்வரை கறுப்பாகத் தொங்கியது. ஒரு கையால் அதன் மடிப்பைப் பிடித்திருந்தார். இன்னொரு கை பிச்சாண்டியைப் பார்த்து இன்னும் நீண்டிருந்தது.

கையை மெல்ல இறக்கினார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு வக்கீல் வரலம்மா."

"ஆமா. இவளுக்கு வந்துட்டாரு."

சடையப்பர் கம்பளியைக் கழற்றி மடித்து நீட்டினார். தாயம்மை வாங்கவில்லை.

"உம்மகிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வழக்கு இருக்குல்லா."