எலுமிச்சை மணத்துக்கு ஒரு தகப்பன்

சித்த வைத்தியர் தெய்வானையின் மருந்துத் தோட்டத்தில், அரசு அனுமதியோடு, பூட்டிய வேலிக்குள் கஞ்சாச் செடிகள் வளர்ந்தன. அவற்றில் ஒரே ஒரு கிழட்டுப் பெண்செடிக்கு மட்டும் எலுமிச்சை மணம். அதன் பூவைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்குத்தான் சவரிமுத்து மனைவியின் முழங்கால் வலி கேட்டது. வேறெதற்கும் கேட்கவில்லை.

சவரிமுத்து கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு தெய்வானைக்குச் சீடரானவர். குருவைவிட இருபத்தைந்து வயது மூத்த சீடர். பிடிவாதத்திலும் மூத்தவர்தான்.

அந்த மணத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக மூன்று வருடமாகப் பாடுபட்டார். விதை முளைத்தது, செடி வளர்ந்தது, மணம் மட்டும் வரவில்லை. இந்த வருடம் தாய்ச்செடியின் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு முறை பூக்கத்தான் தாங்கும்.

"டாக்டரம்மா, ஆண்செடி நாப்பதையும் தண்டைத் தேய்ச்சு மோந்து பாத்துட்டேன். நாப்பதும் எலுமிச்சை மணக்குது. அதான் வழக்கம்போல உயரமா இருந்த அஞ்சை மகரந்தத்துக்கு வச்சுக்கிட்டு, நோஞ்சானையெல்லாம் இப்பத்தான் பிடுங்கிப் போட்டேன். தாயும் மணக்குது, தகப்பனும் மணக்குது. பிள்ளைக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

"காலையில வந்ததும் முதல்ல எங்க போவீங்க, சார்?"

"தாய்ச்செடிகிட்டத்தான். அதைத் தடவிக் குடுத்துட்டுத்தான் மத்த வேலை. தினமும் அப்படித்தான்."

தெய்வானை மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

"இதைத் தேய்ச்சு மோந்து பாருங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். சவரிமுத்து குச்சியைத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்தார்.

"என்ன மணக்குது?"

"எலுமிச்சை."

"அப்ப இதையும் தகப்பனாக்கிடலாமா?"

அவர் சிரிக்கவில்லை. மூன்று வருடம் வீணானது வலித்தது. சுவரைப் பிடித்து நடக்கும் மனைவியை நினைத்தபோது இன்னும் வலித்தது.

குழாயடிக்குப் போனார். சீயக்காய்த் தூள் போட்டு முழங்கை வரை கழுவினார். மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார். நான்காம் முறைதான் தண்ணீர் வாசனை மட்டும் இருந்தது.

ஈரக் கையோடு வந்து நின்றார்.

"நாப்பதையும் திரும்பப் பாக்கறேன், டாக்டரம்மா. எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

"பிடுங்கிப் போட்டதுலேர்ந்து. வெயில் ஏறி வாடுறதுக்குள்ள."