நாற்பது கடமைகள்

“ஒரே ஒரு கையெழுத்து, தாயே. நாலு நாளா என்னைப் பாடாப் படுத்துது.”

பெண்கள் சிறையின் கண்காணிப்பாளர் அங்கயற்கண்ணி, மடத்துத் தாயின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாய்க்கு அவளுடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். தாயின் பூஜை முடியட்டும் என்று அங்கயற்கண்ணி இரண்டு மணி நேரமாக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன கையெழுத்து, அக்கா?”

“செல்லக்கனின்னு ஒரு வார்டர். மத்தியானம் தலை எண்ணினா. நாற்பத்திரண்டு. எண்ணிக்கை சரின்னு எழுதிட்டுப் போயிட்டா. அதுல ஒருத்தி காய்ச்சல்ல நினைவு தப்பிக் கிடந்திருக்கா.”

“இப்போ?”

“தெய்வம் காப்பாத்திச்சு, பிழைச்சுக்கிட்டா. செல்லக்கனியைக் கேட்டா, எண்ணுறதுதான் என் வேலை, உடம்பு பாக்கிறது நர்ஸம்மா வேலைங்கிறா. நர்ஸம்மா, என்கிட்ட யாருமே சொல்லலைங்கிறா. ரெண்டும் நிஜம்தான். அவ மேல எழுதின புகார்ல நான் கையெழுத்துப் போட்டா செல்லக்கனிக்கு வேலை போயிடும். புருஷன் இல்லாதவ.”

அங்கயற்கண்ணி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

“இனிமே இந்த வம்பே வரக் கூடாதுன்னு, யார் யார் என்ன செய்யணும்னு நானே உக்காந்து எழுதிட்டேன். நாற்பது கடமை.”

“வாசிங்க.”

அங்கயற்கண்ணி வாசித்தாள். கணீரென்ற குரல். பூட்டை இழுத்துப் பார்ப்பது யார், சாவி யார் இடுப்பில், சோற்றை முதலில் வாயில் வைப்பது யார். ஒன்றையும் விடவில்லை.

பதினேழாவது வாசிக்கும்போது வெளியே யாரோ இருமினார்கள். வறட்டு இருமல்.

தாய் எழுந்தார். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வெளியே போனார்.

இருபத்து மூன்றாவது முடிந்த பிறகுதான், எதிரே ஆள் இல்லாததை அங்கயற்கண்ணி கவனித்தாள்.

தாய் வெறும் சொம்போடு திரும்பி வந்தார்.

“உங்க டிரைவர். நாக்கு வறண்டு பேச்சே வரலை. வந்ததுலேர்ந்து வாசலுக்கு நேரா வெயில்லதான் நிக்கிறார்.”

“மரத்தடிக்குப் போக வேண்டியதுதானே. அவனுக்கு அதுகூடவா தெரியாது?”

“நானும் கேட்டேன். வண்டியை விட்டு நகரக் கூடாதுன்னு அம்மா உத்தரவாம்.”

அங்கயற்கண்ணி காகிதத்தைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள் மெல்ல. “முப்பத்தொண்ணாவதா அதையும் எழுதியிருக்கேன்.”

காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“செல்லக்கனிக்கு நான் என்ன தீர்ப்புச் சொல்லட்டும், தாயே?”

“அக்கா, நான் வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தேன்,” என்றார் தாய். “வாசலைப் பாத்து உக்காந்திருந்தது நீங்க.”