பம்பு மூடியில் ஒரு கோடு

“பம்பு மூடியில மறுபடியும் கோடு விழுந்துருச்சு அம்மிணி. எங்க தப்புன்னே தெரியலை.”

சொன்னவர் செங்கோடன். வார்ப்படச் சாலையில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவர். வயது ஐம்பத்தைந்து.

அம்மிணி என்றது, வார்ப்புகளைச் சோதிக்கும் கோகிலவாணியை. அவருடைய வயதில் பாதிதான் இருப்பாள். ஆனால் இரும்பைத் தட்டிக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவாள். அதனால் மனுஷர் வீம்பை விட்டுவிட்டு அவளிடமே பாடம் கேட்க வந்துவிட்டார்.

கோட்டின் மேல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். மூடி இரண்டாகப் பிரிந்தது.

“பாருங்ண்ணா. அச்சுல ரெண்டு வாய் வழியா வந்த இரும்பு. நடுவுல தொட்டுக்கிச்சு. கலக்கலை.”

“இரும்பு மட்டமா?”

“ரெண்டு பக்கமும் நல்ல இரும்புதான். வந்து சேரும்போதே ஆறிப்போச்சு. ஊத்தறதுக்கு முன்னாடி ஆற வெச்சீங்களா?”

“கொஞ்ச நேரம்.”

“ஏனுங்ண்ணா?”

“போன மாசம் சூடு ஜாஸ்தியாகி அச்சு மண்ணு வார்ப்போட ஒட்டிப் பாழாப் போச்சு. அந்தப் பயந்தான்.”

அவள் இரண்டு துண்டுகளையும் அவர் கையில் கொடுத்தாள்.

உடைந்த இடம் இரண்டிலும் வழவழவென்று இருந்தது. செங்கோடன் அதைத் தடவிக்கொண்டே நின்றார். அத்தனை பெரிய மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒன்பது வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தேன் அம்மிணி. வந்து ஏழு மாசமாச்சு. வீட்டுக்காரி சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிருவா. நான் ஒத்தையில உக்காந்து திங்கறேன்.”

“நீங்க என்ன பேசுவீங்க?”

“மழை வருமாம்பேன். ரேஷன் வாங்கியாச்சாம்பேன். சண்டை வந்துரக் கூடாதுல்ல? எதையும் நல்லா ஆற வெச்சுட்டுத்தான்…”

பாதியில் நிறுத்திவிட்டார்.

கோகிலவாணி துண்டுகளை வாங்கினாள். நேராக உலைக்கு நடந்து, இரண்டையும் உள்ளே போட்டாள்.

செங்கோடன் வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மனைவி சிவகாமி பதறிப்போனாள்.

“ஏனுங்க, ஏதாச்சும் ஆயிப்போச்சா?”

“என்னால ஒத்தையில உக்காந்து திங்க முடியலை, சிவகாமி.”

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தார்.

“ஒன்பது வருசம்,” என்று குரல் வெடித்தது, “நான் யாருகூட உக்காந்து தின்னேன்னு நெனச்சீங்க?”