களிமண் எங்கே போச்சு?

புங்கன்குளத்துக் கரைமேல்தான் விலங்குகளின் சட்டசபை கூடும். கரைக்கு ஒரு பக்கம் குளம். மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் முயல், கௌதாரி, வயலெலி என்று சின்ன உயிர்கள் குடியிருந்தன. அந்தப் பள்ளத்துத் தொகுதிக்கு உறுப்பினர், கூரான் என்ற முள்ளம்பன்றி.

சபையில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். உறுப்பினர் கேட்பார். அமைச்சர் பதில் சொல்வார். உடனே மற்றவர்கள் காலாலும் வாலாலும் தரையைத் தட்டுவார்கள். பதில் காதில் விழுந்ததா, அது பதில்தானா என்பதெல்லாம் வேறு விஷயம்! தட்டி முடித்தால் கேள்வியும் முடிந்தது. அதுதான் அங்கே வழக்கம்.

கூரான் எழுந்து கேட்டது.

"போன கோடையில பள்ளத்து ஜனங்க எல்லாரும் கரையில விழுந்த வெடிப்பை அடைக்கிறதுக்காக ஆளுக்கு ஒரு வாய் களிமண் கொண்டுவந்து குடுத்தோம். ஒரு நாள் இல்லை, ஒரு மாசம் சுமந்தோம். இன்னும் கரையை அடைக்கலை. அடியில ஈரம் கசியுது. அந்தக் களிமண் எங்கே போச்சு?"

நீர்வள அமைச்சர் கரடியார் விரலில் ஒட்டியிருந்த தேனை நக்கிக்கொண்டே எழுந்தார்.

"உறுப்பினர் நல்ல கேள்வி கேட்டார்! இந்த அரசு வந்த பிறகுதான் குளத்தில் இவ்வளவு தண்ணீர் நிற்கிறது!"

தண்ணீரை நிரப்பியது மழை. அது தனக்குப் பாராட்டு வேண்டும் என்று சபைக்கு வந்து கேட்கவில்லை. ஆகவே பாராட்டு கரடியாருக்கே போனது. தம்! தம்! தம்! எல்லோரும் தட்டினார்கள்.

"தண்ணி நிக்குதேன்னுதான் பயமா இருக்கு!" என்றது கூரான். தட்டுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கூரானின் வீடு பள்ளத்தின் கடைக்கோடியில், கரையை ஒட்டிய ஒரு வளை. அங்கே அதன் மனைவி பேச்சி படுத்திருந்தது. வேட்டைக்காரன் வைத்த கண்ணியில் சிக்கி அதன் பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. ஓர் அடிகூட நகர முடியாது. வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம் என்றால், முள்ளம்பன்றியை யார் தூக்குவது? இன்னொரு முள்ளம்பன்றியால்கூட முடியாது. கரை நின்றால் பேச்சி பிழைக்கும். கரை உடைந்தால் போச்சு!

சாயங்காலம் ஆனால் பேச்சி கேட்கும்.

"இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"பரிசீலனையில இருக்காம்."

"அப்படின்னா?"

"தெரியலை. உடனே எல்லாரும் தட்டிட்டாங்க."

பேச்சி சிரித்துவிடும். "நாளைக்கும் கேளுங்க. நீங்க கேக்குறீங்கங்கிற தைரியத்துலதான் நான் கண்ணை மூடுறேன்."

கூரான் மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. "ஆவன செய்யப்படும்!" என்றார் கரடியார். "குழு அமைக்கப்படும்!" என்றார். ஒவ்வொன்றுக்கும் தம், தம், தம்!

ஒரு நாள் தூறல் விழுந்தது. சபையில் உறுப்பினர்களுக்கு அந்த வருஷம்தான் மண்ணால் புது ஆசனங்கள் கட்டியிருந்தார்கள். தூறலில் கூரானின் ஆசனம் லேசாகக் கரைந்தது. உள்ளே குட்டிக் குட்டியாக வெள்ளை நத்தை ஓடுகள் தெரிந்தன. கூரான் உற்றுப் பார்த்தது. அப்படி நத்தை ஓடு கலந்த களிமண் பள்ளத்து ஓடையில் மட்டும்தான் உண்டு. வாய் வலிக்கச் சுமந்த மண் அல்லவா, அதற்குத் தெரியாதா?

அது ஆசனத்தை விட்டுக் கீழே இறங்கி வெறுந்தரையில் நின்றது.

பக்கத்து ஆசனத்து உடும்பு குனிந்து கிசுகிசுத்தது. "அண்ணே, ஏறி உக்காருங்க. இது எனக்கும் தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா ஒருத்தரும் வாயத் திறக்கலை?"

"மேல உக்காந்திருக்கோமே அண்ணே, எப்படித் திறக்கிறது?"

மறுநாள் உடும்பு தன் ஆசனத்தை மாற்றிக்கொண்டது. பிடித்த இடத்தை விடாத உடும்பே விட்டுவிட்டது! "தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்க முள்ளு குத்துது" என்றது. நான்கு மாதமாகப் பக்கத்தில் இருந்தபோது குத்தாத முள்!

அதற்குப் பிறகு கூரானைச் சுற்றி யாரும் இல்லை. சபைக்கு வந்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துப் பேசினார்கள். வெறுந்தரையில் அது தனியாக நின்றது.

சரி, ஊர்க்காரர்களாவது ஆறுதல் சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. கௌதாரி ஐந்து குஞ்சுகளோடு வழியை மறித்தது.

"மத்த தொகுதிக்கெல்லாம் அரசாங்க நாவப்பழம் வருது. நமக்கு மட்டும் வரலை. ஏன்? நீங்க கேள்வி கேக்குறதாலதான்! உங்க வாயால எங்க புள்ளைங்க வயிறு காயுது. நாலு பேரு தட்டுனா நீங்களும் சேர்ந்து தட்டிட்டு வரவேண்டியதுதானே!"

கூரானுக்கு அழுகை முட்டியது. அப்படியே வீட்டுக்குப் போனது. அன்றைக்கு நடந்ததைப் பேச்சியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

பிறகு மூன்று நாள் அடைமழை. குளம் தளும்பியது. நான்காம் நாள் காலையில் வளைச் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் இன்னிக்குப் போகலை" என்றது கூரான்.

"போகாம? நீங்க இங்க இருந்தா சொட்டுறது நின்னுடுமா? போய்க் கேளுங்க. நான் எங்கே போகப்போறேன்? இங்கேதான் இருப்பேன்."

கூரான் ஓடியது. கேள்வி நேரம் தொடங்கியதும் கத்தியது. "வீட்டுச் சுவர்ல தண்ணி வருது! இப்பவே மண் போட்டு அடைங்க! இந்த ஆசனத்தையெல்லாம் இடிச்சாப் போதும், அடைச்சிடலாம்!"

கரடியார் சிரித்தார். "கரை மலைபோல் நிற்கிறது! நாமெல்லாம் அதன்மேல்தானே உட்கார்ந்திருக்கிறோம்!"

ஆகா, என்ன பதில்! யானை காலால் தட்டியது. காட்டெருமை குளம்பால் தட்டியது. உடும்பும் வாலால் தட்டியது. கூரானின் பாதத்துக்கடியில் மண் நடுங்கியது.

"தட்டாதீங்க! கரை தாங்காது! தட்டாதீங்க!"

"உறுப்பினர் அவையை அவமதிக்கிறார்!" என்றார் சபாநாயகர் நாரை. "வெளியேற்றுங்கள்!"

அவைக்காவலர்களான இரண்டு செந்நாய்கள் கூரானைச் சரிவில் விரட்டிவிட்டன. இறங்கும்போதே அது பார்த்துவிட்டது. கரையின் இடுப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீறிட்டு வந்துகொண்டிருந்தது.

நேராக ஓடினால் பேச்சியிடம் போய்ச் சேரலாம். ஆனால் வழியெல்லாம் வீடுகள். கூரான் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தியது. "கரை உடையுது! மேட்டுக்கு ஓடுங்க!"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு!" என்று சலித்துக்கொண்டே கௌதாரி வெளியே வந்தது. காலடியில் தண்ணீர் ஓடியது. அவ்வளவுதான், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பறந்தடித்து ஓடியது. முயல்கள் ஓடின. வயலெலிகள் ஓடின. எல்லா வீடும் காலியானது. கடைசி வீடு பாக்கி.

மேலே சபையில், கூரானை வெளியேற்றியதைப் பாராட்டித் தீர்மானம் போட்டு, ஒரு தடவை பலமாகத் தட்டினார்கள். கரை உடைந்தது.

கூரான் வளைக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. தண்ணீர் அதற்கு முன்னால் வளைக்குள் போய்விட்டது.

ஆசனங்கள் கரைந்து போயின. உறுப்பினர்கள் சேற்றில் புரண்டு, நீந்தி, எப்படியோ கரையேறினார்கள். இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது. வளை இருந்த இடத்தில் வெறும் மணல் கிடந்தது. கூரான் அங்கே நின்று, "பேச்சி! பேச்சி!" என்று கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

அடுத்த கூட்டம் பக்கத்துப் பாறைமேல் நடந்தது. கூரான் வந்தது. அதற்குப் போக வேறு இடம் இல்லை. அதே கேள்வியைக் கேட்டது.

"களிமண் எங்கே போச்சு?"

கரடியார் எழுந்தார். "உறுப்பினர் குறிப்பிடும் கரையே இப்போது இல்லை. ஆகவே கேள்வி எழவில்லை!"

தட்டுவதற்குக் கால்கள் உயர்ந்தன. அப்போது சரிவிலிருந்து கௌதாரி ஏறி வந்தது. பின்னால் முயல்கள், வயலெலிகள், பள்ளத்தில் பிழைத்த அத்தனை உயிரும் வந்தன. முள் குத்துமே என்று பார்க்காமல் கூரானை ஒட்டி நின்றன.

"நாங்களும் கேக்குறோம்" என்றது கௌதாரி. "களிமண் எங்கே போச்சு?"

"பார்வையாளர்கள் பேசக்கூடாது!" என்றார் நாரை.

"பேசலை. கேக்குறோம். பதில் வர்ற வரைக்கும் இங்கேதான் நிப்போம்."

உயர்ந்த கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கரடியார் யானையைப் பார்த்தார். யானை வேறு எங்கோ பார்த்தது. உடும்பு கல்லிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டது. கடைசியில் கரடியார் முனகினார். "ஆசனம் கட்டப் போச்சு."

பள்ளத்து உயிர்கள் ஓவென்று கத்தின. "ஒத்துக்கிட்டாரு! ஒத்துக்கிட்டாரு!"

கூரான் அவசரமாகத் திரும்பிச் சரிவில் இறங்கியது. பதில் கிடைத்துவிட்டது, பேச்சியிடம் சொல்ல வேண்டும்! பாதி வழியில் அதற்கு ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த கௌதாரியும் நின்றது.

நமக்காக ஒருவர் தனியாக நின்று கேள்வி கேட்கும்போதே நாம் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் இழந்த பிறகு போய் நின்றால், பதில் கிடைக்குமே தவிர, இழந்தது திரும்பாது.