இஞ்ஞாசியம்மாள் கடலுக்குக் காட்டிய நிறங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் புன்னைத்துறைக் கரையில் கால் வைக்க முடியாமல் போனதற்கு ஒரே காரணம் ஏட்டு தனிஸ்லாஸ்தான். இதை ஏட்டு தனிஸ்லாஸே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அந்தக் கரையில் ஒரு நண்டு வளை மாறியதில்லை. கண்ணைப் பார்த்தே உளவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். பார்ப்பதற்கு இதுவரை ஒரு உளவாளியும் அகப்படவில்லை என்பதுதான் சிறு குறை.

அந்தக் குறையைத் தீர்க்க அகப்பட்டவர் இஞ்ஞாசியம்மாள்.

இஞ்ஞாசியம்மாள் அவ்வூர் மாதா கோயிலைப் பெருக்குவார், தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டுவார், பங்குச் சாமியாரின் பூசையுடைகளைப் பேணுவார். உப்புக்காற்றில் பட்டுத்துணி பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே பூசை முடிந்ததும் அன்றைய உடையை இரு கைகளிலும் ஏந்தி மணிக்கோபுரம் ஏறுவார். கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் காற்றாட விரிப்பார். அறுபத்திரண்டு படிகள். படிக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம். அத்தனையும் கஸ்பார் வாஸுக்காக.

கஸ்பார் அவருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர். கப்பல் முழுகியது, ஆள் இல்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கஸ்பாரின் ஆன்மாவுக்கு இறந்தோர் பூசை வைக்கும்படி ஊரார் சொன்னார்கள்.

“அவுக வாயால செத்துட்டேன்னு சொல்லட்டும், வைக்குதேன்” என்றார் இஞ்ஞாசியம்மாள். ஊர் சிரித்தது. அவர் அடுத்த ஞாயிறும் படியேறினார்.

ஏட்டு பதினான்கு மாதம் அந்தச் சுவரைக் கவனித்து, தேதிவாரியாகக் குறிப்பேட்டில் எழுதினார். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை, வெள்ளை. பச்சை என்றால் கடலில் வெள்ளைக்காரன் கப்பல் இல்லை. சிவப்பு என்றால் இருக்கிறது. வெள்ளைக்குப் பொருள் காண மூன்று வாரம் யோசித்தார். கறுப்பு உடையை மட்டும் அந்தம்மாள் கோயில் உள்ளறையிலேயே உலர்த்துகிறார் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறைக்கிறார் என்றால் அதில்தான் விஷயம். ஏட்டும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தான். ஆனால் கோயிலுக்குள் அவர் கடைசியாகப் போனது பதினோரு வருடத்துக்கு முன், தம் கல்யாணத்துக்கு.

ஒருநாள் கோபுரத்தடியில் இஞ்ஞாசியம்மாளை மறித்தார். “கடலுக்கு அடியில போனவனுக்கு மேல நின்னு துணி காட்டுதியாக்கும்? மீனுதான் பாக்கும்.”

“மீனும் ஆண்டவர் படைச்சதுதானே ஏட்டையா, பாத்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். அதற்கடுத்த வாரம் கைது.

தூத்துக்குடியில் விசாரணை. போர்க்காலம், எதிரிக்கு அடையாளம் காட்டியது நிரூபணமானால் தூக்குதான். பூஞ்சணத்துக்காக விரித்தேன் என்று மட்டும் சொல், வேறு வாயைத் திறக்காதே என்று சாமியார் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவும் பொய்யில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மை போலச் சொல்ல இஞ்ஞாசியம்மாளுக்கு வரவில்லை.

கப்பலுக்கு அடையாளம் காட்டினாயா என்று அதிகாரி கேட்டார். அவர் அயர்லாந்துக்காரர், தமிழ் தெரிந்தவர்.

“ஆமாய்யா.”

ஏட்டு விறைப்பாக நின்றபடியே மனத்துக்குள் பதவி உயர்வு பெற்றார்.

“எந்தக் கப்பலுக்கு?”

“கஸ்பார் இருக்க கப்பலுக்கு. அது எதுன்னு தெரியாது.”

“என்ன சேதி?”

“கோயில் இன்னும் இருக்கு, நானும் இருக்கேன். வேற சேதி எங்கிட்ட இல்ல.”

கறுப்பை ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்குத் தலைகுனிந்தார். “அது செத்தவங்க பூசைக்குள்ளது. தூரத்துல நின்னு பாத்தா, தனக்குத்தான் வச்சிருக்குன்னு மனசு விட்டுருவாக.”

அதிகாரி குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு தம் ஜெபப்புத்தகத்திலிருந்து திருச்சபை நாட்காட்டியை எடுத்து, ஏட்டின் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். வேதசாட்சிகள் நாளில் சிவப்பு. திருநாளில் வெள்ளை. தபசுகாலத்தில் ஊதா. மற்ற ஞாயிறுகளில் பச்சை.

“ஏட்டு, திருச்சபை நாட்காட்டியை நீர் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறீர். ஒரு பிழையும் இல்லை” என்றார்.

ஒன்பது நாள் காவலுக்குப் பிறகு விடுதலை. இஞ்ஞாசியம்மாள் ஏட்டுக்கும் ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். அந்த ஞாயிறு வழக்கம்போல் படியேறினார்.

அன்று நண்பகல் கடலில் ஒரு படகு தெரிந்தது. உள்ளூர்ப் படகு இல்லை. ஏட்டு உடனே கடமையுணர்வோடு மணலில் குப்புறப் படுத்தார். படகோ முன்பின் தெரியாத எவனும் மோதி உடையும் பாறைத்திட்டுகளைச் சுற்றி, ஒற்றை வாய்க்கால் வழியே நேராகக் கரைக்கு வந்தது. ஏழு பேர். ஒருவர் கண்ணில் கட்டு.

வாக்குமூலம் எழுத ஏட்டுதான் போனார். கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர் கஸ்பார் வாஸ். கம்பெனி சொன்ன கப்பல் முழுகுமுன்பே வேறு கப்பலுக்கு மாறியவர், எழுதத் தெரியாதவர், எழுதித் தரச் சொல்லி அனுப்பிய இரண்டு கடிதங்களும் சேரவில்லை. இப்போது அந்தக் கப்பலையும் குண்டு தாக்கியது, கண்கள் போயின. பத்து நாள் மிதந்தார்கள். கரை தெரிந்தும் எந்தக் கரை, எங்கே பாறை என்று புரியாமல் மற்றவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள்.

“என்ன தெரியுதுன்னு கேட்டேன். ஒரு கோபுரம், அதுல ரோஸ் கலர் துணின்னானுவ” என்றார் கஸ்பார். “அந்த உடுப்பு வருசத்துல ரெண்டே ஞாயித்துக்கிழமைதான் வெளிய வரும். கிறிஸ்மஸுக்கு முந்தி ஒண்ணு. அதக் கடலப் பாத்து விரிக்க ஆளு உலகத்துலயே ஒருத்திதான். கோபுரத்துக்குத் தெக்கால புடிச்சு வலிங்கடான்னேன்.”

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து அவர்கள் திருமணம் நடந்தது. கஸ்பாரின் கையை இஞ்ஞாசியம்மாள்தான் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துச் சென்றார். காணாமலே காத்த கண்ணையும், கண் போன பின்னும் கண்டுகொண்ட அன்பையும் சர்வேசுரன் ஒருபோதும் கைவிட்டதில்லை. இஞ்ஞாசியம்மாள் என்னும் அவ்வடியாரின் பெயர் வாழ்க.

ஊரெல்லாம் பந்தலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டது. சாமியாரின் வெள்ளைப் பூசையுடை உள்ளறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஏட்டு தனிஸ்லாஸ் இருபுறமும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்தார். அந்த உடையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறத் தொடங்கினார். அருள் நிறைந்த மந்திரம் பாதிவரைதான் நினைவிருந்தது. அந்தப் பாதியையே ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டு ஏறினார்.